பன்னிரண்டு முதல் இரண்டு வரை

தேஜோன், தென்கொரியா
12 மார்ச் 2009, வியாழக்கிழமை
மாலை 6.40 மணி
இதுவரை: 41 முறை

அன்புள்ள ஷாரோன்,

நலமா என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

மேலே இருக்கிற 41 என்ன என்று யோசிப்பாய். ஜனவரி 19 அன்று இங்கே வேலையில் சேர்ந்ததிலிருந்து நம் கரைசலை நாற்பத்தொரு முறை செய்துவிட்டேன். நாற்பத்தொரு முறையும் கறுப்புக் கட்டியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. கடைசியாக உட்கார்ந்தது இன்று மாலை 6.10-க்கு. அதைக் கழிவு டப்பாவில் ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "எழுதிக் கேளுங்கண்ணா, எழுதிச் சொல்றேன்." ஈமெயில் போடவா என்றால், நீ போகிற நேரத்தில் பிரௌசிங் சென்டரில் கரண்ட் இருப்பதில்லை என்கிறாய். சரி. ஸ்டாம்ப் ஒட்டி கெமிஸ்ட்ரி கேட்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

விஷயம் இதுதான். போன செப்டம்பர் 15, 16, 17 தேதிகளில் காலேஜ் லேபில் நீ செய்த மூன்று பாட்சும் நின்றன. கிராஃபீன் கரித்தாள்கள் தண்ணீரில் மை போலக் கலந்து, இரண்டு மாதம் வைத்திருந்தும் அடியில் ஒரு பொட்டு படியவில்லை. அதை வைத்துத்தான் பேப்பர். அச்சாகுமுன்னே அந்தப் பேப்பரைக் காட்டித்தான் எனக்கு இந்த வேலை. இங்குள்ள பேராசிரியர் அந்தக் கரைசலைத் தகட்டில் பூசி, சில விநாடிகளில் சார்ஜ் ஏறுகிற மின்தேக்கி செய்ய நினைக்கிறார். கட்டியைப் பூச முடியாது. மே 31 வரை எனக்கு ஒப்பந்தம். அதற்குள் கரைசல் நின்றால் இரண்டு வருடம் நீட்டிப்பார்கள். நிற்காவிட்டால் பஜாரில் அத்தாவின் கடையில் உட்கார்ந்து எமர்ஜென்சி லைட் விற்க வேண்டியதுதான். அத்தா தயாராகத்தான் இருக்கிறார். "கரியத் தண்ணில கரைக்கறதுக்காடா அம்மாந்தூரம் போனே? இங்கியே கரைச்சிக்கினு இருந்துருக்கலாமே" என்கிறார்.

நோட்டில் சந்தேகமாக எழுதியிருந்ததை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பாலிமரின் அளவு, சூடு, ஹைட்ரஸீனின் அளவு, எல்லாம். தெளிவாக எழுதியிருந்ததை மாற்றவில்லை. உன் நோட்டின் 63-ஆம் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்துதான்: "ஆக்ஸைடு கரைசலில் பாலிமர் சேர்த்தது காலை 11.50. ஸ்டிர்ரர் 30 நிமிடம். பிறகு ஹைட்ரஸீன். 95 டிகிரி." அவ்வளவுதான். நீ ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். கோபிக்காதே. சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு நேரமில்லை.

பேப்பரில் உன் பெயர் வராததில் எனக்கும் வருத்தம்தான். ஏகாம்பரம் சார் எடுத்துவிட்டார். கைடு ஒரு முடிவு எடுத்தால் நாம் என்ன செய்ய முடியும், நீயே சொல்.

கிடைத்த அன்றே பதில் போடு.

தௌஹீத்


உத்திரமேரூர்
27-3-2009

அன்புள்ள தௌஹீத் அண்ணனுக்கு ஷாரோன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இரண்டு ஆட்டில் ஒன்று குட்டி போட்டிருக்கிறது, அதுவும் நலம்.

உங்கள் கடிதம் நேற்று ஸ்கூல் முகவரிக்கு வந்தது. நான் பாடம் எடுக்கிற எட்டாவது பிள்ளைகள் கொரியா ஸ்டாம்பைக் கேட்டார்கள், பிய்த்துக் கொடுத்துவிட்டேன். போன வாரம் உங்கள் கடைக்கு பல்பு வாங்கப் போனபோது உங்கள் அம்மாவைப் பார்த்தேன். "வெறும் முட்டையும் சோறும் துன்னுக்கினு கீறானாம்மா, எளச்சிப் பூட்டிருப்பான்" என்று சொல்லி, பல்புக்குக் காசு வாங்க மறந்துவிட்டார். அத்தா வாங்கிக்கொண்டார்.

போனில் ஏன் பேசவில்லை என்றால் காரணம் இருக்கிறது. அக்டோபரில் ஒரு நாள் காலேஜிலிருந்து திரும்பும்போது, பஸ் ஓரிக்கை தாண்டுகிற இடத்தில், "பேப்பர்ல உன் பேரு ரெண்டாவது, ஷாரோன்" என்றீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னீர்கள். நான் அன்று வீட்டில் சொல்லி, அம்மா சர்ச்சில் சொல்லி, பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் வேறு சொல்லிவிட்டார். பிப்ரவரியில் பேப்பர் வந்தது. உங்கள் பெயர், சார் பெயர், லேபில் நான் பார்த்தே இராத இரண்டு பேரின் பெயர். அதிலிருந்து காதால் கேட்பதை நான் நம்புவதில்லை. எழுத்தில் இருந்தால் எடுத்துக் காட்டலாம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் எதையும் எழுதாமல் விடவில்லை. லேபில் எல்லோரும் எப்படி எழுதினோமோ அப்படித்தான் எழுதினேன். ஏழு தடவை கழுவ வேண்டிய இடத்தில் ஏழு தடவை கழுவினேன். காய்ச்சி வடித்த தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரை ஊற்றவில்லை, உங்களுக்கு அந்தச் சந்தேகம் இருக்கும் என்று தெரியும்.

சென்னையில் பிஎச்.டி.க்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். ஜூன் 15 கடைசி நாள். அதில் "வெளியீடுகள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் கூப்பிடவே மாட்டார்களாம். இரண்டு வருடம் அந்த லேபில் நின்றேன் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி, வெள்ளை கோட்டில் ஆசிட் பட்ட ஓட்டை. அதை விண்ணப்பத்தோடு பின் அடித்து அனுப்ப முடியாது.

சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எடுத்தார் என்றால் எடுத்திருப்பார். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் என் பெயரை எடுத்தபோது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
ஷாரோன்


தேஜோன்
8 ஏப்ரல் 2009, புதன்கிழமை
காலை 7.55 மணி
இதுவரை: 52 முறை

அன்புள்ள ஷாரோன்,

52. எண் ஏறியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை.

உன் கடிதத்தில் ஆடு இருக்கிறது, பாதிரியார் இருக்கிறார், என் அம்மா இருக்கிறார். செப்டம்பர் மாதம் மட்டும் இல்லை. "எல்லோரும் எழுதியபடி எழுதினேன்" என்றால் எனக்கு எப்படி உதவும்? நானும் அதே லேபில் நாலு வருடம் இருந்தவன்தான். நீ பாட்ச் போட்ட அந்த வாரம் மட்டும் வீட்டில் உட்கார்ந்து தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

போன வாரம் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, இந்தியாவிலிருந்து ஒரு பாட்டில் கரைசலைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இவர்கள் கோபத்தையும் மரியாதையாகத்தான் காட்டுகிறார்கள். இருந்ததை எல்லாம் அளந்து முடித்தாயிற்று, மிச்சம் இல்லை என்றேன். தலையாட்டினார். அப்படித் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று பக்கத்து மேஜைக்காரனைக் கேட்டேன். அவன் தராசைத் துடைக்கத் தொடங்கினான்.

இங்கே எந்தக் குறையும் இல்லை. தராசு நாலு தசமம் காட்டுகிறது. கலக்குகிற ஸ்டிர்ரர் மெஷின் பத்து இருக்கிறது, நமக்கு இருந்தது ஒன்றரை. நான் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது, ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. அத்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அங்க நம்ம கடை வெக்க முடியாது" என்றார். இவ்வளவு இருந்தும் வரவில்லை என்றால், அங்கே நீ செய்ததில்தான் ஏதோ இருக்கிறது. வேண்டுமென்று மறைக்கிறாய் என்று சொல்லவில்லை. உனக்கே தெரியாமல் ஏதோ தப்பாகச் செய்து, அது சரியாக வந்திருக்கலாம்.

ஆகவே அந்த மூன்று நாளில் ஒரு நாளை எடுத்துக்கொள். 17-ஆம் தேதி, புதன். லேபுக்குள் நுழைந்தது முதல் வெளியே வந்தது வரை, என்ன செய்தாய், எங்கே நின்றாய், யாரிடம் பேசினாய், எல்லாவற்றையும் வரிசையாக எழுது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீ முடிவு செய்யாதே. அது என் வேலை.

நீ கேட்ட இன்னொரு விஷயம் பழைய கதை. இப்போது அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? முதலில் கரைசல் நிற்கட்டும்.

53 நாள் இருக்கிறது.

தௌஹீத்


உத்திரமேரூர்
22-4-2009

அன்புள்ள தௌஹீத் அண்ணனுக்கு,

இப்போது மணி மதியம் 12.20. ஸ்கூல் பரீட்சை முடிந்து லீவு. உங்கள் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தேன், சரியாகப் பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. எலெக்‌ஷன் முடிகிற வரைக்கும் கரண்டை நிறுத்த மாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெரு அந்தக் கணக்கில் இல்லை போலிருக்கிறது.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி, அந்த லைட்டுக் கடைக்காரரு புள்ளைக்கா எய்திக்கினு கீறே?"

"ஆமாம்மா."

"அந்த ஊர்ல கரண்டு கட்டாவுதா?"

"ஆவவே ஆவாதாம்."

"அப்பொறம் இன்னாத்துக்குக் கரண்ட சேத்து வெக்கற வேலய அங்க போயி செய்யறாரு?"

சிரித்துக்கொண்டே பேனாவை வைத்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் 17-ஆம் தேதியும் பன்னிரண்டு மணிக்குத்தான் போனது. 15, 16-இலும். அந்த வாரம் முழுக்கக் காலேஜ் பக்கத்துக்குப் பன்னிரண்டு முதல் இரண்டு வரை வெட்டு.

நீங்கள் கேட்டபடி வரிசையாக எழுதுகிறேன்.

9.30 நுழைந்தேன். முதல் நாள் ஏழு தடவை கழுவி வைத்த ஆக்ஸைடைத் தண்ணீரில் போட்டு ஆட்டிக் கரைத்தேன். பழுப்பாக, தெளிவாக இருந்தது. 11.50-க்குப் பாலிமரைச் சேர்த்து ஸ்டிர்ரரைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியது. பன்னிரண்டுக்கு நின்றது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பாலிமர் அடியில் தங்கிவிட்டால் சார் கத்துவாரே என்று பயந்து, நான் கண்ணாடிக் கோலை எடுத்துக் கையால் கலக்க ஆரம்பித்தேன். அட்டெண்டர் செங்கேணி அண்ணன் ஜன்னலைத் திறக்க வந்தார்.

"இன்னாம்மா, கரண்டே பூட்ச்சி, நீ இன்னும் ஆட்டிக்கினு கீறே. கூழா காச்சறே?"

"உக்காந்துடும்ணா."

"நீ ஒக்காரும்மா மொதல்ல. கை வுட்டுப் போவும்."

அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, இடது கையால் டிபன் சாப்பிட்டுக்கொண்டு வலது கையால் கலக்கினேன். சிரிக்காதீர்கள். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. ஸ்டிர்ரரை மறுபடி போட்டேன், இருபது நிமிடம். பத்தும் இருபதும் முப்பது. நோட்டில் எழுதியதும் முப்பது. அதற்குப் பிறகுதான் ஹைட்ரஸீனை விட்டுச் சூடேற்றினேன்.

நடுவில் போன இரண்டு மணி நேரத்தை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள். யார்தான் எழுதினோம்? கரண்ட் போனால் அந்த லேபில் கடிகாரம் நின்றதாகக் கணக்கு. மெஷின் ஓடிய நேரத்தை மட்டும் கூட்டிப் போடுவோம். உங்கள் நோட்டையும் எடுத்துப் பாருங்கள்.

உங்கள் மெஷின் முப்பது நிமிடம் என்றால் முப்பதே நிமிடம் ஓடி நின்றிருக்கும். என்னுடையது இரண்டரை மணி நேரம், சூடு இல்லாமல். ஒருவேளை பாலிமருக்கு அவ்வளவு நேரம் தேவையோ என்னவோ. எது முக்கியம் என்று முடிவு செய்வது உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

போன பக்கத்தில் இரண்டு வரி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் பெயரைச் சேர்ப்பதாக எழுதி அனுப்பினால் மீதியைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அப்படிக் கேட்டு வாங்கினால் அது என் வேலைக்கு வந்த பெயராக இருக்காது, சரக்குக்கு வந்த விலையாக இருக்கும்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மீட்டரில் முள் அசையாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, பூஜ்யம் என்று எழுத வேண்டும், அதுவும் ஒரு ரீடிங்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். எழுதிக்கொண்டேன்.

அம்மா விசாரித்ததாகச் சொன்னாள். முட்டை மட்டும் போதாதாம், பருப்பும் வேண்டுமாம்.

ஷாரோன்


தேஜோன்
9 மே 2009, சனிக்கிழமை
மதியம் 3.15 மணி
இதுவரை: 57 முறை. நின்றவை: 4.

அன்புள்ள ஷாரோன்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதுவரை புதிதாக எதையும் போடவில்லை. அன்றே பாலிமரைச் சேர்த்து, பத்தாவது நிமிடம் ஸ்டிர்ரரை நானே அணைத்தேன். கண்ணாடிக் கோலை எடுத்து உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து என் மெஷின் கெட்டுவிட்டதா என்று பார்த்தான். இல்லை, எங்கள் ஊரில் இப்போது கரண்ட் இல்லை என்றேன். அவன் யாரையோ கூப்பிட்டு வந்து காட்டினான். ஒன்றரை மணி நேரத்தில் கை விட்டுப்போயிற்று. செங்கேணி சொன்னது சரி.

ஐந்து நாளும் அப்படியே செய்தேன். நான்கு நிற்கின்றன. நேற்று போட்டது மட்டும் இன்னும் சூட்டில் இருக்கிறது. நின்றவற்றைச் சுழற்றியில் வைத்துச் சுற்றியும் படியவில்லை. நீ "ஒருவேளை" என்று எழுதியதுதான் காரணம். பாலிமர் ஒவ்வொரு கரித்தாளிலும் போய் ஒட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் கேட்கிறது. ஆக்ஸைடைக் கரியாக மாற்றுகிற ஹைட்ரஸீனை நாம் அதற்குமுன் விட்டால், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. கையால் கலக்க வேண்டும் என்று இல்லை, நேரம்தான் முக்கியம். ஐம்பத்திரண்டு முறையில் நான் எல்லாவற்றையும் மாற்றினேன், அந்த 30-ஐ மட்டும் தொடவில்லை. தெளிவாக எழுதியிருந்தது என்பதால் நம்பிவிட்டேன். தப்பாகச் செய்திருப்பாய் என்று உனக்கு எழுதினேன். தப்பு உன் கையில் இல்லை.

பேராசிரியர் நேற்று வந்து பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திங்கள் காலை 10 மணிக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து.

இப்போது உன் கேள்வி. காலியாக விட்ட கட்டம்.

இருந்தேன். அந்த அறையில் சாரும் நானும் மட்டும்தான் இருந்தோம். சார் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, "ஷாரோன் பேரப் போடணுமாப்பா? நீ என்னா சொல்றே?" என்றார். கேட்கத்தான் கேட்டார். நான், "அந்தப் பொண்ணு கழுவிக் குடுத்துது சார், அவ்ளோதான்" என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உன் பெயரை எடுத்தது சார் இல்லை, நான்.

ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது. உன் பெயர் இரண்டாவதாக இருந்தால், பாட்ச் போட்டது யார் என்று எவனாவது கேட்பான். டிசம்பரில் இங்கிருந்து போனில் நேர்காணல் செய்தபோது அதைத்தான் கேட்டார்கள். நான் போட்டேன் என்றேன். அந்தப் பொய்யைத்தான் மூன்று மாதமாக ஐம்பத்திரண்டு தடவை செய்து பார்த்திருக்கிறேன். நின்றால்தானே.

உனக்கு இதை எழுதாமலும் இருந்திருக்கலாம். சார் மேல் கோபமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். அந்த வரியோடு நான் இந்த இரண்டு வருடத்தையும் ஓட்டியிருப்பேன். ஆனால் நீ இரண்டு வரியை அடித்துவிட்டு மீதியைச் சும்மா கொடுத்துவிட்டாய். அடித்த இடத்தைக் காகிதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்தும் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதினால் அதுவும் பஸ்ஸில் சொன்னது போல ஆகிவிடும். அதனால் செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். எழுத்தில் இருக்கிறது. எடுத்துக் காட்டலாம்.

தௌஹீத்

1. திங்கள் காலை 9.30-க்கு, கையெழுத்துக்கு முன்னால், பேராசிரியரிடம் சொல்வேன்: செப்டம்பர் பாட்ச் மூன்றையும் செய்தது ஷாரோன். நேர்காணலில் நான் சொன்னது பொய். இந்த மாதம் கரைசல் நின்றதும் அவள் கடிதத்தால்தான். பிறகு அவர் ஒப்பந்தத்தை எடுத்து உள்ளே வைத்தால் வைக்கட்டும்.

2. அன்றே ஏகாம்பரம் சாருக்குப் பதிவுத் தபால். அன்று உங்களிடம் சொன்னது உண்மையில்லை, பெயரைச் சேர்க்கச் சம்மதம் எழுதித் தாருங்கள் என்று.

3. மே 31-க்குள் அவர் பதில் வந்தாலும் வராவிட்டாலும், பேப்பரை வெளியிட்ட பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புவேன்: இரண்டாவது பெயர் ஷாரோன். விடுபட்ட இரண்டு மணி நேரமும் அந்தத் திருத்தத்தில் இருக்கும்.

4. அந்தத் திருத்தத்தின் நகலும், லேபில் நீ செய்த வேலையைப் பற்றி நான் கையெழுத்திட்ட சான்றும் ஜூன் 15-க்கு முன்னால் ஸ்கூல் முகவரிக்கு வரும்.

5. இனி என் நோட்டில் ஒரு கட்டம் கூடுதல்: மெஷின் நின்ற நேரம்.

6. உனக்குப் போன் செய்ய மாட்டேன். பதில் வரவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வேன். அதனால் 1 முதல் 4 வரை எதுவும் மாறாது.